கார் பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? எப்போ மாத்தணும்? திருப்பூர் வெயிலுக்கு ஒரு கணக்கு

காலை எட்டரை மணிக்கு கம்பெனி திறக்க வேண்டும். போர்டிகோவில் நிற்கும் காரில் ஏறி சாவியைத் திருப்பினால் 'டக்... டக்... டக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. நேற்று ராத்திரி பல்லடம் ரோட்டிலிருந்து வீடு வரை ஒரு குறையும் இல்லாமல் வந்த வண்டி அது. "செல்ஃப் எடுக்க மாட்டீங்குதுங்க" என்று மெக்கானிக்குக்கு போன் போட்டால், அந்தப் பக்கமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான்: "வண்டியோட வந்த பேட்டரிங்களா, மாத்துனதுங்களா? எத்தனை வருஷம் ஆச்சு?"

பலருக்கு இதற்கு பதில் தெரியாது. வண்டி வாங்கிய நாள் ஞாபகம் இருக்கும், இன்சூரன்ஸ் முடியும் தேதி ஞாபகம் இருக்கும், பேட்டரி வயசு மட்டும் இருக்காது.

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "விலை இறங்கிருச்சு, இப்பவே மாத்திடுங்க" என்ற பேச்சும் கூடவே வந்தது. அதற்குக் கிட்டத்தட்ட நான்கு வாரம் முன்னால், ஆகஸ்ட் 27 முதல், இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட, ஆர்டர் என்னவாகுமோ என்று பனியன் ஊரே கையைக் கட்டிக்கொண்டு செலவு பண்ண ஆரம்பித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நல்ல பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஐயாயிரம் ரூபாய் கொடுப்பது தண்டம். அதே சமயம், செத்துப்போன பேட்டரியோடு அவிநாசி ரோட்டில் நிற்பதும் வேலைக்கு ஆகாது. அப்போ எப்போதான் மாற்றுவது?

நேரடியான பதில்

புது காரோடு வரும் பேட்டரி இந்தியாவில் பொதுவாக 3 முதல் 5 வருடம் தாங்கும். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நாள் முழுக்க வெயிலில் நின்று, குட்டிக் குட்டி தூரம் ஓடும் வண்டி என்றால் மூன்றை ஒட்டி. ஷெட்டில் நின்று, அடிக்கடி கோவை, சேலம் என்று நீளமாக ஓடும் வண்டி என்றால் ஐந்தை ஒட்டி, சில வண்டிகளில் அதையும் தாண்டி.

மூன்று வருடம் முடிந்தால் மாற்றியே ஆகவேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்றாவது வருடத்திலிருந்து டெஸ்ட் பண்ண ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். வருடக் கணக்கை மட்டும் வைத்து மாற்றச் சொல்பவரையும் நம்ப வேண்டாம், "நல்லாத்தானே ஓடுது" என்று ஆறாவது வருடம் வரை தொடாமல் விடவும் வேண்டாம்.

அடிப்பது வெயில், பழி குளிருக்கு

மார்கழி காலையில்தான் நிறைய வண்டிகள் மக்கர் பண்ணும். அதனால் 'குளிர் பேட்டரிக்கு ஆகாது' என்று ஒரு நம்பிக்கை. பாதி உண்மைதான். குளிரில் பேட்டரியின் வலு தற்காலிகமாகக் குறையும், என்ஜின் ஆயிலும் கொஞ்சம் கெட்டியாகும். ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். சித்திரையில் பட்ட அடி மார்கழியில் வெளியே தெரிகிறது.

காரணம் உள்ளே இருக்கிறது. 1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே அடிப்படைதான் இன்றைக்கும்: ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம். ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், கூட்டினால் 12.6. எல்லா வேதிவினையும் போல இதற்கும் சூடு ஏற ஏற வேகம் கூடும். சுமார் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது தோராயமான கணக்கு. நல்ல வினை மட்டும் வேகமெடுத்தால் பரவாயில்லை. தகட்டின் சட்டத்தை அரிக்கும் வினையும் சேர்ந்தே வேகமெடுக்கும், உள்ளே இருக்கும் தண்ணீரும் சீக்கிரம் வற்றும்.

2024 ஏப்ரலில் பக்கத்து ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தொட்டது. அது நிழலில் வைத்து அளக்கும் கணக்கு. ஓடி வந்த என்ஜினுக்குப் பக்கத்தில், மூடிய பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். கம்பெனி வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தால், வண்டியை அதன் கீழே விடுங்கள். பேட்டரிக்கு நீங்கள் பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.

சாயப்பட்டறை வாசலில் அரை மணி நேரம்

திருப்பூரில் கார் ஓடும் விதமே தனி. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னொரு இடம், பிரிண்டிங், எம்பிராய்டரி வேறு வேறு இடம். வேலை முழுக்க ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடப்பதால், ஒரு சின்ன கம்பெனி ஓனர் ஒரு நாளில் பத்து தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார். ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர்.

"அத்தனை தடவை செல்ஃப் அடிச்சா பேட்டரி போகாம என்ன பண்ணும்?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்தான். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இரண்டு நொடிக்கு. மொத்தம் 0.11 ஆம்பியர்-அவர். சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இது அரை சதவீதம்கூட இல்லை.

இப்போ இன்னொரு காட்சி. சாயப்பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு, புழுக்கத்துக்கு ஏசி காற்றாடியை மட்டும் ஓடவிட்டு, பாட்டும் போட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் என்றால், அரை மணியில் போனது 5 ஆம்பியர்-அவர். அதாவது 45 தடவை செல்ஃப் அடித்ததற்குச் சமம்! பேட்டரியைக் காலி பண்ணுவது ஸ்டார்ட் அடிப்பது இல்லை, இந்தக் காத்திருப்புதான்.

போனது போகட்டும், திரும்ப ஏறிவிடாதா என்றால், அங்கேதான் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் கெடுக்கிறது. புஷ்பா தியேட்டர் ரவுண்டானா நெரிசலில் ஊர்ந்து போகும்போது என்ஜின் வேகம் குறைவு, ஆல்டர்னேட்டர் தரும் கரண்டும் குறைவு, அதில் பெரும் பங்கை ஏசியும் ஹெட்லைட்டும் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்கு மிச்சம் மீதிதான். இப்படி வாரக்கணக்கில் அரை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். அது இறுகியபின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. வாரத்துக்கு ஒருமுறையாவது 40, 45 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழநியோ கொடுமுடியோ போய்வருவது வண்டிக்கும் நல்லது.

நாடே செய்த ஒரு பேட்டரி டெஸ்ட்

ஓடாமலே நின்றால் என்னவாகும் என்பதை 2020-ல் எல்லோரும் நேரில் பார்த்தோம். மார்ச் 25-ல் தொடங்கிய முதல் ஊரடங்கு 21 நாள். பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன, கார்கள் வாசலிலேயே நின்றன. அதன்பின் ஊரடங்கு நீட்டிக்கப்பட்டது. கடைசியில் வெளியே போக அனுமதி வந்தபோது நிறைய பேருக்கு வண்டி எடுக்கவில்லை.

கார் பூட்டியிருந்தாலும் அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் கருவி, கடிகாரம், என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 21 நாளில் 25. முழு சார்ஜில் நிறுத்திய 35 ஆம்பியர்-அவர் புதுப் பேட்டரிகூட கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறங்கியிருக்கும். நாலு வருடப் பழசு என்றால் கேட்கவே வேண்டாம்.

தீபாவளிக்குப் பத்து நாள் ஊரே காலியாகும்போதும் இதே கதைதான், சின்ன அளவில். பல நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கலாம் (ஆடியோ, கடிகார செட்டிங் அழிந்துபோகும், அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்). 'தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறேன்' என்பது பெரிய உதவி இல்லை. ஐடிலில் அஞ்சு நிமிடம் ஏறுவது சொற்பம். வாரம் ஒருமுறை நிஜமாக ஓட்டுவது மேல்.

'ஒரிஜினல்' பேட்டரியின் வயசு எப்போ தொடங்குது?

நீங்கள் மாலை போட்டு, எலுமிச்சைப்பழம் நசுக்கி வண்டியை எடுத்த நாளிலிருந்து இல்லை. அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்து, லாரியில் பயணம் செய்து, டீலரின் யார்டில் வெயிலில் நின்றிருக்கும். ஸ்டார்ட் பண்ணி நாலடி நகர்த்துவதைத் தவிர அங்கே ஓட்டமே கிடையாது. 2024 செப்டம்பரில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமான கார்கள் தேங்கிக் கிடந்தன என்று வாகன டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது, சுமார் 7.9 லட்சம் வண்டி, மதிப்பு ரூ.79,000 கோடி. அந்த சீசனில் தள்ளுபடியில் கார் எடுத்தவர்கள் ஆர்சி-யில் தயாரிப்பு மாதம், வருடம் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி வயசை அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

வாரண்டி விஷயத்திலும் ஒரு தப்புக்கணக்கு உண்டு. காருக்கு மூன்று வருட வாரண்டி என்றால் பேட்டரிக்கும் அதே என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பேட்டரிக்கும் டயருக்கும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தனி வாரண்டிதான். கையேட்டுப் பையில் கிடக்கும் அந்தச் சின்ன அட்டையை யாரும் பிரிப்பதே இல்லை. பிரியுங்கள். டாக்ஸியாக ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்கு பல அட்டைகளில் காலம் குறைவாக இருக்கும், அதையும் கவனியுங்கள்.

போகப் போகிறது என்று எப்படித் தெரியும்?

செல்ஃப் அடிக்கும்போது முன்பு 'விருட்' என்று எடுத்த வண்டி 'ங்ர்ர்... ங்ர்ர்' என்று இழுத்து எடுத்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. ஸ்டார்ட் பண்ணும் நொடியில் டேஷ்போர்டு விளக்குகள் மங்குவது, டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூப்பது, பெட்டியின் பக்கவாட்டு உப்புவது எல்லாம் அடுத்தடுத்த அறிகுறிகள். பூத்திருப்பதைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும், பேட்டரியில் குறையே இருக்காது. ஆனால் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ அது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தப் பேட்டரியைத் தொடாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக் கூடியது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இப்போதைய கார்களில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் மோட்டாரும் சீக்கிரம் பிடித்துக்கொள்வதால், பேட்டரி கடைசி நாள் வரை நன்றாக இருப்பது போலவே நடிக்கும். அதனால் கண்ணை நம்புவதைவிட மீட்டரை நம்பலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான்.

இது சார்ஜ் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், பேட்டரியின் தெம்பைச் சொல்லாது. 12.6 காட்டும் பேட்டரிகூட பாரம் கொடுத்ததும் படுத்துவிடலாம். அதற்குத்தான் லோடு டெஸ்ட். பல பேட்டரி கடைகளில் இப்போது கையடக்க டெஸ்டர் இருக்கிறது; இரண்டு கிளிப் மாட்டினால் பேட்டரியின் நிலை என்ன என்று சில நொடியில் காட்டிவிடும். மாற்றச் சொல்கிறார்களா? அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் முழுசாக சார்ஜ் போட்டு, பிறகு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். இறங்கிய பேட்டரியை அப்படியே டெஸ்ட் பண்ணினால் நல்லதும் கெட்டது போலத்தான் காட்டும்.

பேட்டரி மேலே இருக்கும் அந்தப் பச்சைக் கண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது ஆறு அறைகளில் ஒரே ஒரு அறையை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம்ம ஊர் போர் தண்ணியின் உப்பு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஆர்ஓ தண்ணியும் இதற்கு ஆகாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

வண்டிக்கு கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். சிக்னலில் நின்றால் தானாக என்ஜின் அணைந்து, கிளட்சை மிதித்தால் எடுக்கும் காரா? அதில் வந்திருப்பது அடிக்கடி ஏறி இறங்குவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை. விலை குறைவு என்று சாதா பேட்டரி மாட்டினால் சீக்கிரமே திரும்ப வருவீர்கள்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். கீழே எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் கதவு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுவது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில். 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான். சார்ஜிங் கட்டுப்பாட்டுக் கருவியின் கோளாறால் அந்த 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம் என்பது காரணம்.

புதுப் பேட்டரியில் தயாரிப்பு மாதக் குறியீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியதும் தானாகவே இறங்கியிருக்கும். வாரண்டியில் '48 மாதம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதைப் பிரித்துக் கேளுங்கள். 24 மாதம் இலவச மாற்று, மீதி 24 மாதம் தள்ளுபடி மட்டும் என்று இருக்கலாம். முப்பதாவது மாதம் பேட்டரி போனால் புதுசு சும்மா கிடைக்காது.

விலைக்கு வருவோம். வரி 28-லிருந்து 18 ஆனதால் விலை பத்து சதவீதம் குறைய வேண்டும் என்று வாதாடாதீர்கள். வரி இல்லாமல் ரூ.4,000 உள்ள பேட்டரி முன்பு ரூ.5,120, இப்போது ரூ.4,720. மிச்சம் 400 ரூபாய், அதாவது பழைய விலையில் எட்டு சதவீதம்கூட இல்லை. இந்த நானூறுக்காக நல்ல பேட்டரியை முன்கூட்டியே மாற்றுவது லாபம் இல்லை. "பில் இல்லாம வேணும்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில் இல்லை என்றால் வாரண்டி இல்லை, நாளைக்கு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிச் சொல்லவும் கையில் ஒன்றும் இருக்காது.

பழசு எங்கே போகுது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் 'எக்ஸ்சேஞ்ச்' என்று பழசுக்கு காசு குறைத்துத் தருகிறார்கள். ஆனால் வீட்டு வாசலுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரி சில சமயம் கடையைவிட நூறு ரூபாய் அதிகம் தருவார். அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் விஷயம் புரியும். முறையான மறுசுழற்சி ஆலையில் அமிலத்தைச் சுத்திகரிக்க வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும். அதெல்லாம் செலவு. கொல்லையில் உடைப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. அமிலம் மண்ணுக்கு, புகை காற்றுக்கு.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறையில்லாமல் பேட்டரி உடைப்பதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சொன்னது.

சாயத் தண்ணி நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நிரம்பி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை பார்த்த ஊர் இது. மண்ணுக்குள் போனது கிணற்றுக்கு வரும் என்பதை திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. மற்ற குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது நம் பொறுப்பு. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து, எக்ஸ்சேஞ்ச் தொகையை பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. என்ஜினை ஓடவிட்டு, புதுப் பேட்டரியின் மேல் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்கும். 13-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ, பெல்ட்டோ, ஒயரிங்கோ சரியில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. இரண்டில் எது என்றாலும், பழைய பேட்டரியைக் கொன்றது அதுவாகவே இருக்கலாம். சரி பண்ணாமல் விட்டால் புதுசும் சில மாதத்தில் அதே வழியில் போகும்.